ஒரே சர்ச், இரண்டு சான்றிதழ்கள்

போன மாதம் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். புதிதாக வருவாய் ஆய்வாளராகப் பதவி உயர்வு பெற்று வந்திருப்பவள். மதம் மாறிய ஒருவருடைய பட்டியல் சாதிச் சான்றிதழ் செல்லாது என்று ஏதோ ஒரு நீதிமன்றம் சொன்ன செய்தி அன்றைய பேப்பரில் வந்திருந்தது. அதே மாதிரி ஒரு மனு அவள் மேசைக்கும் வந்துவிட்டது. "ஒருத்தவங்க இன்னா மதம்னு எப்படி மேடம் விசாரிக்கிறது? நீங்கல்லாம் எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எந்த நாட்டிலோ பள்ளிக்கூடத்துப் பெண்கள் தலையில் துணி கட்டலாமா கூடாதா என்று வழக்கு. உலகம் முழுக்க யாரோ ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவரின் சாமியைப் பற்றி உத்தரவு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். நானும் எழுதியிருக்கிறேன். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

எனக்கு ஊர் களமருதூர். நெல் விளைவிக்கிற குடும்பம். தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன்; சங்கிலி பிடித்து நிலம் அளக்கக் கற்றேன்; பயிர்க் கணக்கான அடங்கல் பார்க்கக் கற்றேன்; முப்பது வயதுக்குள் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர் ஆனேன். ஆண்கள் மட்டுமே பார்த்துவந்த வேலை என்பதால் கிராமங்களில் என்னை ஆசிரியை என்று நினைத்துக்கொள்வார்கள். பயிற்சியில் புறம்போக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தந்தார்கள். ஒரு மனிதரின் மதத்தைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித் தரவில்லை. அதை மூத்தவர்கள் வாய்வழியாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் எட்டிப் பார். சுவரில் என்ன படம் இருக்கிறது? அந்த அம்மாள் நெற்றியில் பொட்டு இருக்கிறதா? பக்கத்து வீட்டில் கேள். அவ்வளவுதான் விசாரணை.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று வெளியாருக்குச் சொல்ல வேண்டும். பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் சட்டப்படி அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகிறார். அவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். பழங்குடியினருக்கு அந்த நிபந்தனை கிடையாது. கல்வராயன் மலையில் இருக்கும், மலையாளிகள் என்று பெயர் கொண்ட மலைவாசிகள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பழங்குடியினர்தான். மலைக்கு மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வோம். நான் சேர்ந்த புதிதில் எனக்கு அது பரீட்சையில் எழுதிய ஒரு விதி, அவ்வளவே.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். என் தம்பியும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். பஸ் ஓடாது. ஓடினாலும் கண்ணாடி இருக்காது. அப்படியும் தாலுகா அலுவலக வாசலில் கூட்டம் குறையவில்லை. சாதிச் சான்றிதழின் அருமை ஊருக்கெல்லாம் ஒரே நேரத்தில் புரிந்திருந்தது. தனக்குச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள் பாதி. அடுத்தவன் சான்றிதழ் பொய் என்று சொல்ல வந்தவர்கள் பாதி.

அப்போது எங்கள் தாசில்தார் சுந்தரமூர்த்தி. மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் அறிக்கை கொடுத்தால் வாங்கிப் படிக்க மாட்டார். நம்மையே வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நாம் வாசித்துக்கொண்டே போவோம். எங்காவது நம் ஊகம் உள்ளே நுழைந்துவிட்டால் ஒரு விரல் உயரும். "இதை யார் சொன்னாங்க?" என்பார். யாராவது சொல்லியிருந்தால் பெயரோடு இருக்க வேண்டும். நாமே பார்த்திருந்தால் நான் பார்த்தேன் என்று இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டு மேலே வாசிக்க வேண்டும். வேறு அலுவலகங்களிலிருந்து மாறி வந்தவர்கள் முதல் மாதம் அவரைத் திட்டிக்கொண்டே வேலை பார்ப்பார்கள்.

ஒரு நாள் மொட்டை மனு ஒன்றை என்னிடம் கொடுத்தார். மிஷன் விடுதியில் தங்கிப் படித்த இரண்டு பெண்களைப் பற்றிய மனு. இரண்டு பேருக்கும் ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. ஒருத்தி வசந்தா, நைனார்பாளையம் பக்கத்தில் ஒரு காலனி, பட்டியல் சாதி இந்து என்று சான்றிதழ் வைத்திருந்தாள். இன்னொருத்தி அலமேலு, மலையில் கரியாலூருக்கு அந்தப் பக்கம், பழங்குடியினர் சான்றிதழ். இருவருமே ஞானஸ்நானம் வாங்கிய கிறிஸ்தவர்கள், இருவர் சான்றிதழும் பொய் என்று மனு சொன்னது.

எழுதியவர் யார் என்று தேட வேண்டாமா என்று கேட்டேன்.

"யார் எழுதினா என்ன? எழுதினது நிஜமா இல்லையான்னு பாருங்க. அந்த மலைப் பொண்ணு விஷயத்துல மதம் கேள்வியே இல்ல. சாதியை மட்டும் பார்த்துட்டு வாங்க. காலனிப் பொண்ணு விஷயத்துல..." என்று நிறுத்தினார். "அவ கிட்டயே கேளுங்க" என்றார்.

மறியலால் பஸ் சின்னசேலத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தலையாரியுடன் மரவள்ளிக் காட்டு வழியாக நடந்துபோனேன். நான் வருவது எனக்கு முன்னால் காலனிக்குத் தெரிந்துவிட்டது. வசந்தாவின் அப்பா ஆறுமுகம் கூலி வேலைக்குப் போயிருந்தார். அம்மா அஞ்சலை வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். நெற்றியில் குங்குமம் ஈரமாக இருந்தது. உள்ளே சுவரில் முருகன் காலண்டர். அது தொங்கிய ஆணி புதிது. கீழே மண் உதிர்ந்து கிடந்தது.

மூத்தவர்கள் சொல்லித் தந்தபடி பார்த்தால் விசாரணை அங்கேயே முடிந்தது. சுவரில் முருகன், நெற்றியில் குங்குமம், இந்து. எழுதிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அஞ்சலையின் முகத்தைப் பார்த்தபோது அப்படியே திரும்பிவிடத்தான் எனக்கும் ஆசையாக இருந்தது.

வசந்தா உள்ளேயிருந்து வந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். போய் அந்தக் காலண்டரைக் கழற்றி மடித்து அம்மா கையில் கொடுத்தாள்.

"இது பக்கத்து வூட்டு காலண்டர்ங்க. நீங்க வர்றீங்கன்னு அம்மா வாங்கிக்கினு வந்து மாட்டிச்சி."

அஞ்சலை அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பொண்ணுக்குப் புத்தி சரியில்லை, விடுதியில் சோறு போட்டார்கள் அதனால் அவர்களோடு சேர்ந்து கும்பிட்டாள், வேறொன்றும் இல்லை என்றார். மகளிடம், "உன்ன பொய் சொல்ல சொன்னனா? சும்மா நில்லுன்னுதான சொன்னேன்" என்று அழுதார்.

நான் வசந்தாவிடம் கேட்டேன், நீ எந்த மதம் என்று. கேட்கும்போதே அந்தக் கேள்வி எனக்கு அசிங்கமாக இருந்தது. ஒரு வீட்டுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி.

"கிறிஸ்டியன்ங்க" என்றாள். உள்ளே மேசையில் அவள் பைபிள் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினேன். கையெழுத்துப் போட்டாள்.

மலைக்கு மூன்றாம் நாள்தான் போக முடிந்தது. அலமேலுவின் வீட்டில் நிலைக்கு மேலேயே மரச்சிலுவை இருந்தது. என்னைக் கண்டதும் அவள் அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார், அதைக் கழற்ற. இறங்கச் சொன்னேன். அது இருக்கட்டும், உங்களிடம் சட்டம் அதைக் கேட்கவில்லை என்று விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பெரியவர்களிடம் பரம்பரையை விசாரித்து எழுதிக்கொண்டேன். எந்தச் சந்தேகமும் இல்லை.

கிளம்பும்போது அலமேலு சாலை வரை கூட வந்தாள். வசந்தா வீட்டுக்கும் போனீர்களா என்று கேட்டாள். போனேன் என்றேன். என்ன எழுதினீர்கள் என்றாள். அதைச் சொல்லக் கூடாது என்றேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல முட்டி போட்டு ஜெபம் பண்ணவங்கம்மா. அவ ஜெபம் மட்டும் எப்படி குத்தமாப் போச்சி?"

சட்டத்தை அவளுக்குச் சொன்னேன். பட்டியல் சாதி, பழங்குடி, வேறு வேறு உத்தரவு என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நான் முடித்ததும், "அது புரிஞ்சுதுங்க. ஏன்னுதான் கேட்டேன்" என்றாள். நான் மலை இறங்கினேன்.

தாசில்தார் முன்னால் அறிக்கையை வாசித்தேன். காலண்டர், புது ஆணி, ஈரக் குங்குமம், மேசையில் இருந்த பைபிள் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். நல்ல அறிக்கை என்று எனக்கே ஒரு பெருமை. விரல் உயர்ந்தது.

"பைபிள் வச்சிருந்தா கிறிஸ்டியன்னு யார் சொன்னாங்க?"

அடித்தேன்.

"பொட்டு வச்சிருந்தா இந்துன்னு யார் சொன்னாங்க?"

அதையும் அடித்தேன். ஆணியும் போனது, காலண்டரும் போனது. கடைசியில் வசந்தாவின் வாக்குமூலம் மட்டும் மிஞ்சியது. அவர் கண்ணைத் திறந்து சொன்னார்: "சட்டம் கேக்கறது ஒரே கேள்விதான், அந்த ஆள் எந்த மதத்தைக் கைக்கொள்றார்னு. அதுக்கு அவங்க வாய்தான் சாட்சி. வீட்டுச் சுவர் இல்ல." பிறகு, இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு பெண் வீட்டு வாசலில் நின்று சொன்னதை வைத்து முடிக்கக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து நேரில் வரச் சொல்லுங்கள் என்றார்.

வசந்தாவும் அவள் அப்பா அம்மாவும் வந்தார்கள். விசாரணைக்கு வருகிற யாரையும் அவர் நிற்க வைக்க மாட்டார். ஆறுமுகத்துக்கு நாற்காலியில் உட்காரக் கூச்சம். பரவாயில்லைங்க என்று சுவரோடு ஒட்டி நின்றார். தாசில்தார் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆறுமுகம் உட்கார்ந்த பிறகுதான் பேனா திறந்தது.

வசந்தாவிடம் சட்டத்தை மூன்று வாக்கியத்தில் சொன்னார். "நீ இந்துன்னு சொன்னா இந்த மனுவை இப்பவே தள்ளுபடி பண்ணிடுவேன். கிறிஸ்டியன்னு சொன்னா சான்றிதழை ரத்து பண்றதைத் தவிர எனக்கு வழியில்ல, இந்த இடம் போயிடும். எதையும் நான் உன்னைச் சொல்ல வைக்க மாட்டேன்." வெளியே போய் டீ குடித்துவிட்டு, மூவரும் பேசி முடிவெடுத்து வாருங்கள் என்று அனுப்பினார்.

அவர்கள் வேப்பமரத்தடியில் நின்றது ஜன்னல் வழியே தெரிந்தது. அஞ்சலை மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். நான் என் மேசையில் உட்கார்ந்து, இந்து என்று சொல்லிவிடு பெண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

திரும்பி வந்தார்கள். வசந்தாவின் கண் சிவந்திருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"இல்லன்னு சொல்லிடலாம்னுதான் சார் வெளிய போயி நெனச்சேன். அம்மா அழுவறதப் பாக்க முடியல. ஆனா பசங்க முன்னாடி நின்னுக்கினு உண்மை பேசுங்கடான்னு நாளைக்கு எப்படி சொல்றது? நான் ஏசுவைக் கும்புடறேன் சார். அப்படியே எழுதிக்குங்க."

அவர் எழுதினார். அப்போதுதான் ஆறுமுகம் வாயைத் திறந்தார். ஒன்று கேட்கலாமா என்றார். கேளுங்கள் என்றார் தாசில்தார்.

"நாங்க சர்ச்சுக்குப் போவ ஆரம்பிச்சி ரொம்ப வருசம் ஆவுது சார். இன்னைக்கும் ஊர்த் தெருவுல செருப்பு போட்டுக்கினு நடக்க வுடமாட்டாங்க. டீக்கடையில தனி கிளாசுதான். அவங்க யாரும் எங்ககிட்ட சர்ட்டிபிகேட் கேக்கறதில்லீங்க. எந்தச் சாமியைக் கும்புட்டாலும் நாங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியுது. கவுருமெண்டுக்கு மட்டும் எப்படிங்க தெரியாமப் போச்சி?"

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். "நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல" என்றார். பிறகு அந்தக் கேள்வியை ஒரு வார்த்தை மாற்றாமல் ஆறுமுகத்தின் வாக்குமூலமாக எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார்.

அன்றே ரத்து உத்தரவு போனது. பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழையும் அன்றே தயார் செய்து கையில் கொடுத்தார். அதற்காக அவர்களை மறுபடி அலையவிடவில்லை. அஞ்சலை அதைத் தொடவில்லை. வசந்தாதான் வாங்கிக்கொண்டாள்.

நான் அன்று மாலை தாசில்தாரிடம் போய், ஆறுமுகம் சொன்னதை விசாரித்துத் தனி அறிக்கை தர அனுமதி கேட்டேன். சட்டம் உங்களிடம் அதைக் கேட்கவில்லையே என்றார். கேட்கவில்லை, ஆனால் ஒருவர் அரசாங்கத்திடம் கேள்வி கேட்டிருக்கிறார், வருவாய்த் துறை விசாரிக்காமல் வேறு யார் விசாரிப்பது என்றேன். "போங்க. ஆனா ஒவ்வொரு வரிக்கும் ஆள் வேணும்."

போனேன். டீக்கடையில் இரண்டு வரிசைக் கண்ணாடித் தம்ளர்களை நானே பார்த்தேன். கடைக்காரரிடம், ஆறுமுகம் குடும்பம்தான் கிறிஸ்தவராகிவிட்டதே, பிறகும் ஏன் தனி கிளாஸ் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"அதெல்லாம் ஞாயித்துக்கிழமைக்குங்கம்மா. மத்த நாள்ல காலனி ஆளுங்கதான?"

அப்படியே எழுதி அவர் பெயரைப் போட்டேன். ஊர்த் தெருவில் செருப்பு விஷயத்தை ஒப்புக்கொண்ட ஒரு நிலக்காரரின் பெயரையும் போட்டேன். சர்ச்சிலும் காலனிக்காரர்கள் பின்பக்கம்தான் உட்காருகிறார்கள் என்று வசந்தா சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு அதையும் எழுதினேன். வி.ஏ.ஓ. பயந்தார், ஊர்க்காரர்கள் வம்புக்கு வருவார்கள், ஏற்கெனவே ரோடெல்லாம் மறியல் என்றார். என் தம்பி வீட்டுக்கே வந்து சண்டை போட்டான். நாமே ரோட்டில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம், நீ இன்னொருத்தனுக்குச் சேர்த்துக் கேட்கிறாயா என்றான். நீ கேட்பது தப்பில்லை, அவர் கேட்பதும் தப்பில்லை, எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது என்றேன். அவன் சாப்பிடாமல் எழுந்துபோனான்.

அறிக்கையை வாசித்தேன். முடியும்வரை விரல் உயரவில்லை. தாசில்தார் மேலே அனுப்பினார். "இதுக்குப் பதில் வராது" என்றார். வரவில்லை.

வசந்தாவுக்கு அந்த வருஷம் போனது. மரவள்ளி பிடுங்கப் போனாள், ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தாள். அலமேலு பயிற்சிக்குப் போய்விட்டாள். தோழிக்காகத் தன் இடத்தை விட்டுவிடுகிறேன் என்று அவள் நின்றபோது வசந்தாதான் திட்டி அனுப்பினாளாம். லீவு கிடைக்கும்போதெல்லாம் மலைக்குப் போகும் முன்பு அலமேலு காலனியில் இறங்கி, தான் படித்ததை வசந்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வருஷம் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை வைத்தே வசந்தாவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலக வரிசை அவளுக்கு மிக நீளம். அலமேலு சீக்கிரமே அரசுப் பள்ளி ஆசிரியை ஆனாள். வசந்தா தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டே காத்திருந்து, நாற்பதை நெருங்கும்போதுதான் அரசு வேலைக்குப் போனாள். அஞ்சலை அம்மாள் கடைசிவரை என்னோடு பேசவில்லை. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மத விசாரணைகள் வந்தன. ஒன்றில்கூட நான் யார் வீட்டுச் சுவரையும் பார்க்கவில்லை. உரியவரைக் கேட்டேன், சொன்னதை எழுதினேன். கடைசிப் பத்தியில், இவர் மதம் மாறிய பிறகு தெருவும் டீக்கடையும் சுடுகாடும் இவருக்கு மாறினவா என்று விசாரித்து, சொன்னவர் பெயரோடு எழுதினேன். சில அதிகாரிகள் தேவையில்லாத பத்தி என்று கோடு போட்டு அனுப்புவார்கள். மறுபடி எழுதி அனுப்புவேன். ஒருவர் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். விளக்கத்திலும் அதே பத்தியை எழுதினேன். நானே தாசில்தார் ஆனபோது என் ஆர்.ஐ.கள் எல்லோரும் அந்தப் பத்தி இல்லாமல் அறிக்கை தரக் கூடாது என்றேன். கோப்புகளில் அவை எங்கோ கிடக்கும். எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு உண்மை அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கையில் இருந்தது.

போனில் பேசிய அந்த ஆர்.ஐ. பெண்ணுக்கும் இதைத்தான் சொல்கிறேன். சட்டம் இன்னும் மாறவில்லை. மாற்றலாமா என்று கேட்கிற குழுக்கள் வருகின்றன, போகின்றன. சமீபத்தில் அப்படி ஒரு குழு கருத்துக் கேட்க வந்தபோது வசந்தா எனக்குப் போன் செய்தாள். தலைமையாசிரியை ஆகிவிட்டாள், ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறாள். போகலாமா என்றாள். போகலாம் என்றேன். அலமேலுவும் மலையிலிருந்து இறங்கி வந்தாள். கள்ளக்குறிச்சியில் மூன்று பேரும் ஒன்றாகப் பஸ் ஏறினோம்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். வசந்தா முதலில் பேசுவாள் என்று நினைத்திருந்தேன். கூப்பிட்டபோது அலமேலு அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு எழுந்துபோனாள். பெயர், ஊர், சாதி, மதம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மேசையில் இருந்த உறுப்பினர் குழம்பிப்போய், அம்மா நீங்கள் பழங்குடியினர் ஆயிற்றே, இந்தச் சட்டத்தால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் போவலைங்க" என்றாள் அலமேலு. "அவளும் நானும் ஒரே சர்ச்சு. அவளுக்கு மட்டும்தான் போச்சி. ஏன்னு கேக்கத்தான் வந்திருக்கேன். பதில் சொல்லுங்க, எழுதிக்கினு போறேன்."

அவள் உட்காரவில்லை. பதிலுக்காக அங்கேயே நின்றாள்.